வெக்கை தாங்கும் கோதுமை: இன்னும் மெக்சிகோவைத்தான் பார்த்திருக்க வேண்டுமா?

மானாவாரி:
2022 மார்ச் ஞாபகம் இருக்கா? 1901-லிருந்து பதிவான மார்ச் மாதங்களில் அதுதான் உச்ச வெக்கை. பஞ்சாபில் கோதுமை பால் பிடிக்கிற சமயம், மணி சுருங்கிப்போச்சு. பிப்ரவரியில் 11.1 கோடி டன் என்று கணித்த அரசு மே தொடக்கத்தில் 10.5 கோடிக்கு இறங்கியது. மே 13-ல் ஏற்றுமதிக்கே தடை. இதற்கு மருந்து என்று இன்றும் மெக்சிகோவின் சிம்மிட் ஆய்வு மையத்தையும், வெக்கை, வறட்சி தாங்கும் கோதுமைக்காக அது நடத்தும் ஹெட்விக் பன்னாட்டுக் கூட்டமைப்பையும் காட்டுகிறார்கள். அறுபது வருஷமாக அங்கிருந்து விதை வாங்கியும் கையேந்துகிற நிலைதானே?

களத்துமேடு:
யார் யாரிடம் கையேந்தியது? 1966-ல் 18,000 டன் மெக்சிகோ விதை வந்தது உண்மை. அதில் சிவப்பு மணி சப்பாத்திக்குப் பிடிக்கவில்லை என்று, மெக்சிகோவிலிருந்து வந்த வம்சத்திலேயே கல்யாண் சோனா, சோனாலிகா என்று நமக்கானதைப் பொறுக்கியெடுத்தது நம் விஞ்ஞானிகள். அந்தக் கோதுமையைக் குட்டையாக்கிய மரபணுவும் மெக்சிகோ சொத்தில்லை. ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து அமெரிக்கா போய், அங்கிருந்து மெக்சிகோவில் கோதுமை ஆய்வு செய்த விஞ்ஞானி போர்லாக் கைக்கு வந்தது.

நம்ம நீலகிரியையே பாருங்கள். வடக்கே வயல் காய்ந்து கிடக்கிற மாதங்களிலும் வெலிங்டனில் கோதுமை வளரும். அதனால்தான் வட இந்திய ஆய்வாளர்கள் ஒரே வருஷத்தில் இரண்டு தலைமுறை எடுக்க அங்கே விதையைக் கொண்டுவருகிறார்கள். போர்லாக் மெக்சிகோவில் ஒப்ரெகானுக்கும் டொலுகாவுக்கும் விதையைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் இதற்குத்தான்.

மானாவாரி:
அண்ணே, அது அந்தக் காலம். இப்போ கதை வேற. 2004-ல் அமலான பன்னாட்டுப் பயிர் மரபுவள ஒப்பந்தப்படி, நாடுகள் பகிரும் பொதுக் களஞ்சியத்து விதையிலிருந்து ரகம் எடுத்து, அதைப் பிறர் ஆய்வுக்குத் தராமல் பூட்டி லாபம் பார்ப்பவர் பொது நிதிக்குப் பங்கு தரணும். கம்பெனிகள் தந்தது சொற்பம். அர்ஜென்டினாவின் எச்பி4 கோதுமையைப் பாருங்க. வறட்சிக்காகச் சூரியகாந்தி மரபணுவைச் சேர்த்தது, 2020-ல் அங்கே அனுமதி. கண்டுபிடித்தது அரசுப் பல்கலைக்கழக ஆய்வகம், விற்பது தனியார்!

களத்துமேடு:
எச்பி4-க்கும் சிம்மிட்டுக்கும் முடிச்சுப் போடாதீங்க தம்பி. சிம்மிட் ஒவ்வொரு வருஷமும் பல நாடுகளுக்குச் சோதனை விதையை இலவசமாகவே அனுப்புகிறது. பெறுகிற நாடு தன் ஊரில் விதைத்து விளைச்சல் விவரத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். 2023-ல் வெளிவந்த ஆய்வில், காட்டுப் புல்லும் நாட்டு ரகங்களும் கலந்த சில வரிசைகள் ஒப்ரெகான் வெயிலில் வழக்கமான உயர் ரகங்களைவிட 50% வரை கூடுதலாக விளைந்தன. மரபணு ஒட்டு எதுவும் இல்லை, சாதாரணக் கலப்புதான்.

சட்லெஜ்_தமிழன்:
லூதியானா பக்கம் எட்டு வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் ரெண்டு பேரிடமும் ஒரு சண்டை.

வெக்கையும் வறட்சியும் ஒன்றில்லை. வெக்கையில் பயிர் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது இலை வழியாகத் தண்ணீர் விட்டுத்தான். அகச்சிவப்பு வெப்பமானியைப் பயிர்மேல் காட்டினால் எது குளிர்ச்சியாக நிற்கிறது என்று தெரியும், அதை வைத்துத்தான் தேர்வு. மண்ணில் தண்ணீரே இல்லையென்றால் எதை விட்டுக் குளிரும்? வேர் ஆழமாகப் போகணும். ஒப்ரெகானில் வெக்கைக்காகப் பருவம் தள்ளி விதைப்பதும், வறட்சிக்காகப் பாசனத்தைக் குறைப்பதும் தனித்தனிச் சோதனையாக நடப்பது அதனால்தான். 50% கணக்கைப் பாசனமில்லாத மானாவாரி நிலத்துக்கு அப்படியே தூக்கிவராதீங்க.

பஞ்சாபில் உண்மையான இடைஞ்சல் நாள் பற்றாக்குறை. நிலத்தடி நீரைக் காக்க 2009 சட்டம் நெல் நடவை ஜூனுக்குத் தள்ளியது. அதனால் அறுப்பு தள்ளிப்போய், கோதுமை தாமதமாகி, கடைசியில் மார்ச் வெயிலில் மாட்டுகிறது.

மானாவாரி:
நான் சொல்வதும் இதுதான் சார்! ஹேப்பி சீடர் என்ற விதைப்பு இயந்திரம் வைத்து நெல் தாளிலேயே சீக்கிரம் விதைத்தால் போதுமே, வெளிநாட்டு ரகம் எதற்கு?

சட்லெஜ்_தமிழன்:
போதாதே. அக்டோபர் சூட்டில் சாதாரண ரகம் அவசரப்பட்டுக் கதிர் தள்ளிவிடும். அந்த விதைப்புக்கென்றே எச்டி 3385 மாதிரி ரகம் வேணும். அது டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐஏஆர்ஐ) உருவானது. நம் ரகங்களின் வம்சாவளியைத் தோண்டினால் பலவற்றில் மெக்சிகோ தட்டுப்படும்.

களத்துமேடு:
கேட்டீங்களா தம்பி!

மானாவாரி:
கேட்டேன். ரகம் தேவை, ஒத்துக்கறேன். பணம்? 2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டை மூடியதும் சிம்மிட் ஆடிப்போச்சு. ஒரு நாட்டுத் தேர்தல் முடிவை நம்பி நம்ம சப்பாத்தியா?

களத்துமேடு:
அப்போ இந்தியா கூடுதலாகப் போடட்டும். லூதியானா, ஜபல்பூர், பிஹாரின் பூசா மூன்று ஊரிலும் 2011-லேயே சிம்மிட்டோடு சேர்ந்து பிசா என்ற ஆய்வு நிறுவனத்தின் பண்ணைகள் தொடங்கியாச்சு. நிலம் நம்மிடம் இருக்கு.

மானாவாரி:
நிலம் இருக்கு. பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி இருக்கா, அதைச் சொல்லுங்க முதலில்.