மேப் லூட்: மலையகத்தில் இருந்து ஆடுகிறவர்கள் சொல்லுங்கள்

ஹட்டன்

பாத் ஆஃப் எக்ஸைல் என்கிற ஆன்லைன் கேமின் முதல் பாகத்தில் மேப் (மான்ஸ்டர் நிறைந்த தனி இடத்தைத் திறக்கும் பொருள்) ஓட்டி லூட் (மான்ஸ்டர் செத்தால் விழும் பொருள்) சேர்க்கிற நம்ம ஊர்க்காரர்கள் ஊர்ப் பெயரை மேலே எழுதி அவரவர் அனுபவத்தைப் போடுங்கள். என்னுடையது முதலில்.

யூடியூபில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். 16-ஆம் டியர் (கடினப் படி) மேப்பை எடு, ரேர் (நிறைய மாடிஃபையர், அதாவது கூடுதல் விதி, உள்ள தரம்) ஆக்கு, வால் ஓர்ப் (மேப்பை எப்படி வேண்டுமானாலும் மாற்றிவிடும் கரன்சி) அடி, விலை கூடிய ஸ்காரப்பாக (மேப்போடு சேர்த்துப் போட்டால் லூட்டைக் கூட்டும் பொருள்) பார்த்துப் போடு, திரை நிறையக் கொட்டும். பொய்யில்லை, கொட்டத்தான் செய்யும். ஆனால் சொல்கிறவர் வீட்டில் கரண்ட் போவதில்லை.

எங்கள் பக்கம் மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. காற்றுக்கு டர்பன்டைன் மரம் ஒன்று லைனில் சாய்ந்தால் இரவு முழுக்க இருட்டு. நாட்டு மின்சாரத்தில் ஒரு பங்கை எடுப்பது இங்கே லக்ஷபானவில் ஓடுகிற தண்ணீரில். அதைச் சொல்லி என்ன பயன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் கையிலிருந்த நல்ல ஸ்காரப் எல்லாவற்றையும் ஒரே மேப்பில் போட்டு இறங்கினேன். பாதிகூட முடியவில்லை, கரண்ட் போய்விட்டது. ஒரு மேப்புக்கு 6 போர்ட்டல் (உள்ளே போகிற வாசல்) உண்டு, சரி. ஆனால் ஆளில்லாத மேப்பை சர்வர் கொஞ்ச நேரம்தான் வைத்திருக்கும். கரண்ட் வந்து உள்ளே போனபோது ஹைட்அவுட்டில், அதாவது கேமில் நம் சொந்த இடத்தில், ஒரு போர்ட்டலும் இல்லை.

இப்போது மழை மாதங்களில் எனக்கு எசன்ஸ் (ஆயுதம், கவசம் செய்ய உதவும் கரன்சி) வைத்திருக்கிற மான்ஸ்டர்தான். அந்த மான்ஸ்டர் படிகத்துக்குள் அடைபட்டு நிற்கும், நாம் உடைக்கும்வரை அசையாது. என்ன எசன்ஸ் இருக்கிறது என்பது வெளியிலேயே தெரியும். பிடித்தால் உடைக்கலாம், இல்லாவிட்டால் நடையைக் கட்டலாம். முக்கியமான விஷயம், மேப்பின் குவாண்டிட்டி (விழும் பொருளின் அளவைக் கூட்டும் எண்) எவ்வளவு என்றாலும் அந்த எசன்ஸ் அப்படியே விழும். அதனால் மேப்பில் காசைக் கொட்டத் தேவையில்லை. மிசரி, என்வி, ட்ரெட், ஸ்கார்ன் இந்த நான்கு எசன்ஸில் ஒன்று தெரிந்தால் ரெம்னன்ட் ஆஃப் கரப்ஷன் என்ற கரன்சியை அடித்துப் பாருங்கள். ஹாரர், ஹிஸ்டீரியா மாதிரி விலைபோகிற எசன்ஸாக மாற வாய்ப்பிருக்கிறது. கரண்ட் போனாலும் நட்டம் ஒரு சாதா மேப், அவ்வளவுதான்.

பண்டாரவளை

அண்ணே, உங்கள் பக்கத்துக்கு அது சரி. நீங்கள் மழையில் நனைகிற மாதங்களில் எங்களுக்கு ஊவாவில் காய்ந்த காற்று, வானம் வெளுத்துக் கிடக்கும். எங்களுக்கு மழை வருஷக் கடைசியில்தான். ஃபைபரும் வந்துவிட்டது. ஆகவே நான் ஸ்காரப் போட்டு ஓட்டுகிற கட்சி.

அதில் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மேப்பில் குவாண்டிட்டி, ரேரிட்டி, பேக் சைஸ் (மான்ஸ்டர் கூட்டத்தின் அளவு) என்று மூன்று எண் இருக்கிறதல்லவா, ரேரிட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். முதல் பாகத்தில் அது கெயாஸ், டிவைன் மாதிரி கரன்சி விழுவதைக் கூட்டாது. விழுகிற ஆயுதமோ கவசமோ ரேராகவும் யுனிக்காகவும் வரும் வாய்ப்பைத்தான் கூட்டும். அதை யார் பொறுக்குகிறோம்? நான் பார்ப்பது பேக் சைஸ். மான்ஸ்டர் கூடினால் எல்லாமே கூடும்.

ஒரு மேப் உருட்டி (மாடிஃபையர்களை மாற்றி), ஓட்டி, திரும்பி வந்து இன்னொன்று உருட்டுவது நேரக்கொலை. ஸ்டாஷ் (பொருள் வைக்கும் பெட்டி) டேப் நிறைய மேப்பை ஒரே இருப்பில் கெயாஸ் ஓர்ப் அடித்து முடித்துவிடுவேன். என் பில்ட் (ஆளை அமைத்த விதம்) ரீஜெனை, அதாவது உயிர் தானாக ஏறுவதை, நம்பி நிற்பது. ரீஜெனே கிடையாது என்கிற மாடிஃபையர் வந்தால் எவ்வளவு கொழுத்த மேப்பாக இருந்தாலும் மறுபடி உருட்டல்தான். ஸ்டாஷின் தேடல் பெட்டியில் வேண்டாத மாடிஃபையர்களை ஒரே வரியில் எழுதி வைத்தால் அவை உள்ள மேப் மட்டும் பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றாக வாசித்துக் கண் நோகத் தேவையில்லை.

மஸ்கெலியா

நான் போனை ஹொட்ஸ்பொட் ஆக்கித்தான் ஆடுகிறேன், அதுவும் நைட் டேட்டாவில். சிங்கப்பூர் கேட்வேதான் (சர்வருக்கான நுழைவு), ஆனால் மூடுபனி நாளில் பிங் (சர்வரின் பதில் வர எடுக்கும் நேரம்) பேய் ஆட்டம் ஆடும். நெட்வொர்க் மோட் லொக்ஸ்டெப்பில் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் சர்வரின் பதிலுக்காகக் காத்து நிற்கும். ப்ரெடிக்டிவ் போட்டால் ஓட்டம் சீராகும், ஆனால் திரையில் தெரிகிற இடத்தில் மான்ஸ்டர் உண்மையில் இருக்காது. பக்கத்தில் போய் அடிக்கிற பில்டை விட்டுவிட்டு நமக்குப் பதிலாகத் தாக்கும் டோட்டெம் வைக்கிற பில்டுக்கு மாறினேன். லூட் கூடியது அதனால்தான், ஸ்காரப்பால் அல்ல. இந்தக் கட்டத்தில் ஒரு சாவுக்கு லெவலின் அனுபவப் புள்ளியில் 10 சதவீதம் போய்விடுகிறது, அந்த எரிச்சலும் குறைந்தது.

தலவாக்கலை

வேண்டாத லூட்டைத் திரையில் மறைக்கிற ஃபில்டரைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே! எங்கள் அம்மா கொழுந்து எடுக்கிறவர். முத்தல் இலையைக் கூடையில் போட்டால் கை வேகமாக ஓடியது மாதிரி இருக்கும், நிறுக்கிற இடத்தில் கழித்துவிடுவார்கள். மேப்பிலும் அதேதான். லீக் (எல்லாரும் புதிதாகத் தொடங்குகிற சுற்று) தொடங்கிய வாரத்தில் ஃபில்டர் தளர்வாக இருக்கட்டும், அந்த நேரம் சில்லறை ஓர்ப்புக்கும் விலை உண்டு. பிறகு ஒவ்வொரு படியாக இறுக்குங்கள். குனிந்து பொறுக்குகிற நேரத்தில் அடுத்த மேப் பாதி முடிந்திருக்கும்.

ஹட்டன்

தங்கச்சி சொன்னது சரி, ஆனால் எசன்ஸ் ஓட்டுகிறவர்கள் ஃபில்டரில் சின்ன எசன்ஸையும் மறைத்துவிடாதீர்கள். ஒரே ரகத்தில் மூன்று சேர்ந்தால் அடுத்த படி ஒன்றாக மாற்றலாம்.

விற்பதிலும் நமக்கு ஒரு விடிவு வந்திருக்கிறது. முன்பு மெசேஜ் போட்டு, பார்ட்டியில் சேர்த்து, ஆள் ஹைட்அவுட்டுக்கு வந்து கொடுத்து வாங்க வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் ஆள் போய்விடுவான். 2024 ஜூலையில் செட்லர்ஸ் ஆஃப் கல்கூர் லீக்கோடு கரன்சி எக்ஸ்சேஞ்ச் வந்தது. கொஞ்சம் கோல்ட் கட்டி ஃபாஸ்டஸ் என்ற கேம் பாத்திரத்திடம் ஆர்டர் போட்டுவிட்டால் நாம் வெளியேறினாலும் அது நிற்கும். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் எசன்ஸ் விற்றிருக்கும்.

நாவலப்பிட்டி

ஹார்ட்கோரில் (ஒரு சாவோடு வெளியேற வேண்டிய முறையில்) யாராவது ஆடுகிறீர்களா?

மஸ்கெலியா

மச்சான், ஹொட்ஸ்பொட் அறுந்தால் நம் ஆள் சில வினாடி மரம் மாதிரி அங்கேயே நிற்பான். ஒரே சாவில் ஸ்டாண்டர்ட் என்ற சாதா லீக்குக்குத் தள்ளிவிடுவார்கள். நீ முதலில் ஒரு யூபிஎஸ் வாங்கு, ரவுட்டரையும் அதிலேயே செருகு, அப்புறம் வந்து கேள்.