சாமைக்கு உமி நீக்கும் மெஷின் ஊரிலேயே போடலாமா?

சவ்வாது மலைக்காரன்:
வணக்கம். சவ்வாது மலையில் எங்களுக்கு 2 ஏக்கர் மானாவாரி. ஆடியில் விதைத்த சாமை இந்த முறை 6 குவிண்டால் கண்டது. வியாபாரி வாசலுக்கே வந்து கிலோ 32 ரூபாய்க்குக் கேட்கிறார். திருவண்ணாமலைக் கடையில் சாமை அரிசி 110 ரூபாய்.

விலையைவிட எனக்கு உறுத்துவது வேறு. வீட்டுக்குள் சாமை மூட்டை அடுக்கிக் கிடக்க, நாங்கள் சாப்பிடுவது ரேஷன் அரிசி. ஆயா இருந்தவரை உரலில் குத்திப் புடைத்துச் சோறாக்கினார். அம்மாவுக்குத் தோள் வலி. குத்தச் சொல்ல மனம் வரவில்லை. நெல் மில்லில் போட்டுப் பார்த்தோம். பாதி குருணை, மீதி உமியோடு வந்தது. 15 குடும்பம் சேர்ந்து சின்ன மெஷின் வாங்கினால் கட்டுப்படியாகுமா?

கொல்லிமலை அக்கா:
தம்பி, எங்கள் மலையிலும் இதேதான் நடந்தது. மரவள்ளி சாமைக் காட்டைப் பிடித்ததற்குக் காசு மட்டும் காரணமில்லை. கிழங்கைப் பிடுங்கி ஜவ்வரிசி ஆலைக்கு லாரி ஏற்றினால் வேலை முடிந்தது. சாமையைக் குத்துவதோ பெண்கள் தலையில்தான் விழுந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சுய உதவிக் குழுக்களுக்கு மெஷின் கொடுத்த பிறகுதான் உலக்கை ஓய்ந்தது.

எங்கள் குழுவில் 9 வருடமாக மெஷின் ஓட்டுகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். நெல் மில்லின் ரப்பர் உருளைக்குச் சாமை மணி ரொம்பப் பொடி. தானியத்தைச் சுழற்றி வீசி, சுவரில் மோதவைத்து உமியை உடைக்கும் மெஷினைக் கேளுங்கள். மலையில் மும்முனை மின்சாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வீட்டு மின்சாரத்தில் ஓடும் சின்னது போதும்.

மெஷினைவிட முன்வேலை முக்கியம். நன்றாகக் காயவைத்து, கல் மண் நீக்கி, சல்லடையில் பெரிது சிறிது பிரித்துப் போடுங்கள். கலந்து போட்டால் குருணைதான் மிஞ்சும். 100 கிலோவுக்கு 60 முதல் 65 கிலோ அரிசி நிற்கும். அப்படியானால் 110 ரூபாய் அரிசிக்குள் சாமையின் விலையே 49 முதல் 53 ரூபாய். மீதியில்தான் கூலி, கரண்டு, பாக்கெட், கடைக்காரர் பங்கு எல்லாம். அவ்வளவும் லாபம் என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள். உமியோடு சாமை வருடக்கணக்கில் கெடாது. அரிசியானதும் தவிட்டு எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும். கேட்கக் கேட்க அரையுங்கள். முதல் மூட்டை உங்கள் அடுப்புக்கு.

தர்மபுரி ராகிக்காரர்:
அக்கா சொன்னது சரி. அரசு கொள்முதலை நம்பிக் காத்திருக்காதீர்கள். எங்களுக்குக் கேழ்வரகுக்கு ஆதார விலை இருக்கிறது. 2023 முதல் தர்மபுரி, நீலகிரி ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகும் தருகிறார்கள். மத்திய அரசின் ஆதார விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு உண்டு, சாமை இல்லை. மலைக்காரர்களுக்கு இது பெரிய அநியாயம். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். விதைக்கு அத்தியந்தல் சிறுதானிய மையம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

சவ்வாது மலைக்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. எங்களுக்கு மும்முனை இல்லை. வாங்குவதற்கு முன் மெஷின் ஓடுவதைப் பார்க்க வரலாமா? அம்மாவும் வருகிறேன் என்கிறார்.

கொல்லிமலை அக்கா:
தாராளமாக வாங்க. வரும்போது உங்கள் சாமை ஒரு மூட்டை கொண்டுவாங்க. உங்கள் மணி என்ன அளவு என்று பார்த்துச் சல்லடை சொல்கிறேன். அம்மா அரிசியோடு ஊர் திரும்பட்டும்.