சுருட்டி வைத்த 43 ஓவியங்கள்: வழி சொல்லுங்களேன்

வணக்கம். மதுரையில் ஒரு குடிநோய் மீட்பு இல்லத்தில் ஞாயிறுதோறும் ஓவியம் சொல்லித்தருகிறேன். சொல்லித்தருகிறேன் என்பதே அதிகம். சார்ட்டும் வண்ணமும் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அப்படிச் சேர்ந்த 43 படங்களைக் கண்காட்சியாக வைக்க ஆசை.

எல்லாமே போஸ்டர் கலர். ஆயில் பெயின்டைக் கரைக்கும் தின்னரை முகர்ந்தே போதைக்குப் பழகியவர்களும் அங்கே உண்டு என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. சுருட்டி வைத்தது என் தப்பு. தடிமனாகப் பூசிய இடமெல்லாம் வெடித்து உதிர்கிறது. இதை எப்படி நிறுத்துவது? சார்ட்டை நிமிர்த்தி, அதிகச் செலவில்லாமல் எதில் ஒட்டலாம்?

அடுத்தது பெயர். பலர் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களுக்குப் போகிறவர்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் இடம் அது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த அமைப்பில் பெயரை வெளியே சொல்லாமல் காப்பது முக்கியமான மரபு. ஆனால் பெயின்டர் அண்ணன் ஒருவர், "இருபது வருசமா ஊரான் சுவத்துக்கு அடிச்சேன், இதுலயாவது எம்பேரு இருக்கட்டும் தம்பி" என்கிறார். அவர் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

படம் விற்றால் காசை அவர்கள் கையிலேயே கொடுக்கலாமா என்றும் குழப்பம். சிலர் குடியை விட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

வாடகை குறைவான இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். ஒரு தென்னைமரப் படம், குடியை விட்ட முதல் வாரத்தில் கை நடுங்க நடுங்கப் போட்டது. அந்தக் கோட்டைத் திருத்தித் தருகிறேன் என்று மட்டும் யாரும் வராதீர்கள்.