இன்ரவியூவுக்கு வரேல்லை எண்டு மரியாதையாச் சொல்லுறது எப்பிடி? அவசரம்

வட்டக்கச்சி_மழை:
இன்ரவியூவுக்குக் கூப்பிட்டிருக்கினம். எனக்குப் போக விருப்பமில்லை. அவைக்கு மனம் நோகாமல் என்னெண்டு சொல்லுறது? புதன்கிழமை. கெதியா ஆராவது சொல்லுங்கோ.

பரந்தன்சந்தி:
எங்க இன்ரவியூ? மெயிலோ கோலோ? ஏன் விருப்பமில்லை? ஒண்டையும் சொல்லாட்டி நாங்கள் என்ன சாத்திரமோ பாக்கிறது?

ஏ9_பயணி:
தம்பி, சும்மா போய் இருந்திட்டு வாரும். வேலை வேண்டாமெண்டாலும் பேசிப் பழகலாம். கூச்சம் போறதுக்கு இதைவிட மருந்தில்லை.

முறிகண்டிக்கச்சான்:
காய்ச்சல் எண்டு போடும். ஒருத்தரும் கேள்வி கேக்காயினம்.

பரந்தன்சந்தி:
காய்ச்சல் எண்டால் "சுகமானாப் பிறகு வாரும்" எண்டு வேற திகதி தருவினம். பேந்து என்ன, வாந்திபேதியோ?

குளக்கட்டு:
கிழமைக்கொருக்கா இந்தக் கேள்வி வருது. பழைய இழையளைத் தட்டிப் பாக்கப் பஞ்சி. பட்டம் எடுத்த பிள்ளையளுக்கு நாலு வரி எழுதத் தெரியாட்டி வேலை தாறவனைக் குறை சொல்லி என்ன?

வட்டக்கச்சி_மழை:
தம்பி இல்லை, தங்கச்சி. கொழும்பில ஒரு கொம்பனி, மெயில்தான் வந்தது. கிளிநொச்சியில வேற இடத்தில நியமனக் கடிதம் தந்திட்டினம், நானும் ஓமெண்டு கையெழுத்து வைச்சிட்டன். கொழும்புக்கு சி.வி. குடுத்தது மாமா. அங்க மனேச்சர் அவருக்குத் தெரிஞ்ச ஆள்.

நெல்லுமணி:
மாமாவோ! அதையெல்லோ முதல் சொல்லியிருக்கோணும். தங்கச்சி, மெயில் போட முதல் மாமாவுக்கு கோல் எடும். மனேச்சர் வாயால கேள்விப்பட்டாரெண்டால் அடுத்த கலியாண வீட்டில உம்மட முகம் பாக்கமாட்டார். பேந்து இண்டைக்கே, வந்த மெயிலுக்கே றிப்ளை பண்ணும், தலைப்பை மாத்தாதையும். மெயில் வந்த மொழியிலயே எழுதும். இவ்வளவும் காணும்:

"வணக்கம். புதன்கிழமை நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தமைக்கு நன்றி. வேறொரு பணியை ஏற்றுக்கொண்டுள்ளதால் என்னால் சமுகமளிக்க இயலவில்லை. எனது விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொள்கிறேன். எனக்கு ஒதுக்கிய நேரத்தை மற்றொருவருக்கு வழங்கலாம்."

எங்க வேலை, எவ்வளவு சம்பளம் எண்டு எழுதத் தேவையில்லை. மன்னிப்பு மன்னிப்பெண்டு இழுக்கவும் வேண்டாம். சொல்லாமல் விடுறதுதான் பிழை. அவை ஒரு ஆளுக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு இருப்பினம்.

ஏ9_பயணி:
கொழும்பை விடாதையும் தங்கச்சி. இரவு பஸ் ஏறினால் விடிய வெள்ளவத்தை. கிளிநொச்சியில புரொஜெக்ட் முடிய வீட்ட அனுப்பிப்போடுவாங்கள்.

பரந்தன்சந்தி:
வெள்ளவத்தையில அறை வாடகை நீர் கட்டுறீரோ? அந்தப் பிள்ளை புரொஜெக்ட் எண்டு சொன்னதோ?

முறிகண்டிக்கச்சான்:
கவுண்மெந்து வேலை வரும்வரை பொறுக்கிறதுதான் புத்தி. பென்சன் இருக்கு.

ஏ9_பயணி:
பொறுத்தனாங்கள் தானே. 2020 இல பட்டதாரிப் பயிலுனராப் போய், மாசம் 20,000 ரூபாயில பெற்றோலுக்கே காணாது. வீட்டில கேட்டால் "உத்தியோகம்" எண்டு சொல்லுவினம்.

குளக்கட்டு:
தலைப்பை விட்டு எங்கயோ போயாச்சு. வழமை போல.

வட்டக்கச்சி_மழை:
மாமாவுக்கு எடுத்தன். முதல் ஏசினவர், பேந்து தானே மனேச்சரிட்டச் சொல்லுறன் எண்டார். மெயிலும் போட்டிட்டன். நன்றி அக்கா.

முறிகண்டிக்கச்சான்:
அப்ப புதன்கிழமை அந்த நேரம் சும்மாதானே கிடக்குது? என்ர மச்சான் ஒருத்தன் கணக்கியல் முடிச்சிட்டு நிக்கிறான். மாமாட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுவீரோ?