சிப்பிப்பாறைக் குட்டிக்குப் பச்சை முட்டை கொடுப்பது சரியா?

கேள்வி:
எங்கள் வீட்டில் எட்டு மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று வளர்கிறது. அப்பா தினமும் காலையில் இரண்டு பச்சை முட்டைகளைப் பாலில் அடித்துக் கொடுக்கிறார். தாத்தா காலத்து வேட்டை நாய்களெல்லாம் பச்சை முட்டை குடித்துத்தான் வளர்ந்தன என்பது அவர் வாதம். மதியம் சோறும் எலும்பில்லாத கோழிக்கறியும் வைக்கிறோம். ஒரு மாதமாகக் காதோரத்திலும் தொடையிலும் முடி உதிர்ந்து, தோல் செதில் செதிலாக வருகிறது. பச்சை முட்டைதான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அப்படியும் ஆகுமா?

மறுமொழி 1:
ஆகலாம், ஆனால் எளிதில் ஆகாது. பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்றொரு புரதம் இருக்கிறது; அது தோலுக்கும் முடிக்கும் வேண்டிய பயோட்டின் என்னும் வைட்டமினை இறுகப் பற்றிக்கொண்டு, உடலில் சேரவிடாமல் மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. வேகவைத்தால் அவிடின் செயலிழந்துவிடும். அதே முட்டையின் மஞ்சள்கருவில் பயோட்டின் நிறையவே இருப்பதால், முழு முட்டையாகக் கொடுக்கும்போது இந்தக் குறை வருவது அரிது. வெள்ளைக்கருவை மட்டும் பல வாரங்கள் தொடர்ந்து கொடுத்தால்தான் கவலை. நீங்கள் முழு முட்டையா கொடுக்கிறீர்கள்?

கேட்டவர்:
அப்பாவிடம் விசாரித்த பிறகுதான் தெரிந்தது. மஞ்சள்கரு சூடு என்று அதை எடுத்துவிட்டு, வெள்ளைக்கருவை மட்டுமே பாலில் கலக்கிறாராம். மீதியான மஞ்சள்கருவைத் தங்கை தலைமுடிக்குத் தேய்த்துக்கொள்கிறாள். நாய்க்கு முடி கொட்டுகிறது, அவளுக்கு மினுமினுக்கிறது!

மறுமொழி 2:
அப்படியானால் முதலில் அதை நிறுத்துங்கள். பச்சையாகக் கொடுப்பதால் கூடுதல் சத்து கிடைக்கும் என்பதும் சரியன்று. வெள்ளைக்கருவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் உண்டு. மனிதர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், வெந்த முட்டைப் புரதத்தில் 90 சதவீதம் அளவுக்கும், பச்சை முட்டைப் புரதத்தில் ஏறத்தாழ பாதியும்தான் செரித்தன. நாய்க்கு இதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் வேகவைப்பதால் இழப்பு பெரிதாக இல்லை. பச்சை முட்டையில் இருக்கக்கூடிய, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமியையும் மறக்க வேண்டாம்: நாய் நோயின்றித் திரிந்துகொண்டே அதை மலத்தில் வெளியேற்றும். நக்கும் நாயும் தவழும் குழந்தையும் ஒரே வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

மறுமொழி 3:
எனக்கு முட்டையைவிட அந்த மதிய உணவுதான் உறுத்துகிறது. சோறு, எலும்பில்லாத கறி, ஓடு நீக்கிய முட்டை மூன்றிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதமும் 70 கலோரியும் இருந்தாலும், கால்சியம் 25 முதல் 30 மில்லிகிராம்தான். கால்சியமெல்லாம் நாம் குப்பையில் போடும் ஓட்டில் இருக்கிறது. நீண்ட கால்களுடைய வேட்டை நாய்க் குட்டி இப்படியே வளர்ந்தால் எலும்பு வலுவிழக்கக்கூடும். அதற்காக ஓட்டை இடித்துக் கைபோன போக்கில் தூவிவிடாதீர்கள். வளரும் குட்டிக்குக் கால்சியம் மிகுந்தாலும் கெடுதல்தான். அளவை மருத்துவரிடம் கேளுங்கள். இந்த வயதில் காதோரம் முடி உதிர்ந்தால் சொறிப் பூச்சியும் காரணமாக இருக்கலாம். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
கால்நடை மருத்துவர் தொடையருகே தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். சொறிப் பூச்சி இருந்தது. பழியை முட்டை மீது மட்டும் போட முடியாது, ஆனாலும் வெறும் வெள்ளைக்கரு வேண்டாம் என்று சொல்லி, மருந்தோடு உணவுப் பட்டியலும் எழுதிக் கொடுத்தார். இப்போது நாளுக்கொரு முட்டை, முழுதாக, அவித்து. அப்பா உரித்த முட்டையைக் கையிலேயே நசுக்கிச் சோற்றில் பிசைகிறார்; மஞ்சள்கரு போய்விட்டதே என்று தங்கைதான் முணுமுணுக்கிறாள்.