நகலுக்கு எந்தத் தேதி? சிபி செய்தது குற்றமா?

வேளச்சேரிவாசி:
2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் ஸ்டுடியோவுக்குள் தண்ணீர் புகுந்தது. அன்றிலிருந்து பழைய ஹார்டு டிஸ்க் மீது நம்பிக்கை போய்விட்டது. சென்ற வாரம் லினக்ஸில் நகலெடுக்கும் கட்டளையான ‘சிபி -ஆர்’ (cp -r) கொடுத்து எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு மாற்றினேன். இப்போது பார்த்தால் 2014 கல்யாண ஆல்பமும் போன மாத ஆல்பமும் ஒரே செவ்வாய்க்கிழமையில் பிறந்திருக்கின்றன. தேதியை மாற்றச் சொல்லி யார் கேட்டது?

பழையபெட்டி:
யாரும் மாற்றவில்லை. புதுக் கோப்பு எழுதப்பட்டது, எழுதிய நேரம் பதிந்தது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கினாலும் முத்திரையில் நகல் வழங்கிய தேதிதானே இருக்கும்?

வேளச்சேரிவாசி:
அந்த நகலுக்குள் மூலப் பத்திரத்தின் தேதியும் இருக்கிறதே சார்!

பழையபெட்டி:
அது வேண்டுமென்றால் ‘-பி’ கொடுத்திருக்க வேண்டும். நேரம், உரிமையாளர், குழு, அனுமதி நான்கும் வரும். ‘-ஏ’ கொடுத்தால் கோப்புகளைச் சுட்டும் லிங்க்குகளும் அப்படியே வரும். இயல்பிலேயே பழைய தேதியை வைத்தால் நிரல்களைத் தொகுக்கும் ‘மேக்’ (make) என்ற கருவி குழம்பிவிடும். எதை மறுபடி தொகுப்பது என்று அது தேதியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது.

மாம்பலத்தான்:
‘-ஏ’ என்றால் எல்லாம் வந்துவிடும் என்று ஆசை காட்டாதீர்கள். ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, ஓட்டாவிட்டால் பிறருடைய கோப்புகளெல்லாம் உங்கள் பெயருக்கு மாறிவிடும். டிஸ்கின் கோப்பு அமைப்பு எக்ஸ்ஃபேட் என்றால் ரூட்டே வந்தாலும் பயனில்லை, உரிமையாளரை எழுத அங்கே இடமே கிடையாது. எக்ஸ்ஆட்டர் (கோப்போடு ஒட்டிய கூடுதல் குறிப்புகள்) நகலாகாமல் போனால், லினக்ஸில் வழக்கமாக வரும் க்னூ சிபியின் ‘-ஏ’ வாயே திறக்காது. ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் கருவிதான் சரி.

பழையபெட்டி:
ஆர்சிங்க்கின் ‘-ஏ’ மட்டும் என்ன யோக்கியம்? ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்), எக்ஸ்ஆட்டர் மூன்றையும் விட்டுவிடும். பெரிய எச், ஏ, எக்ஸ் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தரமணியில் வேலை பார்த்தபோது தினசரி பேக்கப் ஒன்றை இடம் மாற்றினோம். அதில் மாறாத கோப்புகளெல்லாம் ஹார்டு லிங்க்குகள், மொத்தமே 300 ஜிபி. ஆர்சிங்க் ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகப் பெருக்கி, நடுராத்திரியில் 1 டெராபைட் டிஸ்கை நிரப்பிவிட்டு நின்றது. சிபி ‘-ஏ’ அதே வேலையை 300-க்குள் முடித்தது.

மாம்பலத்தான்:
அது ‘எச்’ போட மறந்தவரின் தவறு.

பழையபெட்டி:
மறந்தவன் நான்தான். அதனால்தான் சொல்கிறேன்.

வேளச்சேரிவாசி:
உங்கள் சண்டை இருக்கட்டும். என் தேதிகள் திரும்புமா?

மாம்பலத்தான்:
பழைய டிஸ்க் ஓடுகிறதல்லவா? ஆர்சிங்க் ‘-ஏ’யோடு ‘--சைஸ்-ஒன்லி’ சேருங்கள். அளவு ஒத்த கோப்புகளை மறுபடி நகலெடுக்காது, தேதியையும் அனுமதியையும் மட்டும் திருத்தும். முதலில் ‘-என்’ போட்டு ஒத்திகை பாருங்கள். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு முக்கியம், இல்லையென்றால் உள்ளே இன்னொரு ஃபோல்டர் முளைக்கும்.

பழையபெட்டி:
நம்பிக்கை இழந்த டிஸ்க் என்கிறார், நீங்கள் அளவை மட்டும் பார்க்கச் சொல்கிறீர்களே! ‘-சி’ போடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் முழுதாகப் படித்து ஒப்பிடும். நேரமாகும், ஆகட்டும். ஒத்திகையில் ஏதாவது கோப்பு வேறுபட்டால் இரண்டையும் திறந்து பார்த்துவிட்டு மேலே போங்கள்.

வேளச்சேரிவாசி:
‘-சி’ போட்டு ராத்திரி முழுக்க ஓடியது. 2014 ஆல்பம் 2014-க்கே போய்விட்டது, இருவருக்கும் நன்றி. ஆனால் ரூட்டாக ஓட்டியதில் கோப்புகளெல்லாம் என் உதவியாளர் பெயரில் இருக்கின்றனவே?

மாம்பலத்தான்:
டிஸ்கில் இருப்பது பெயரல்ல, பயனர் எண். பழைய கணினியில் 1001 நீங்கள், இந்தக் கணினியில் 1001 அவர். உரிமையாளரை மாற்றும் ‘சௌன்’ (chown) கட்டளையைக் கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், தேதி மாறாது.