உங்க ஊராட்சித் தலைவர் எப்படி? அனுபவத்தைச் சொல்லுங்க

கரிசல்காட்டான்:
தலைவர் ஆக நம்ம மாநிலத்துல 21 வயசும் ஓட்டர் லிஸ்ட்ல பேரும் இருந்தாப் போதும், படிப்பு கேக்க மாட்டாங்க. ஆனா எங்க தலைவர் எம்.ஏ., பி.எட். அந்த கெத்துலயே ஜெயிச்சவர். மே 1 கிராம சபையில ஒரு பெரியவர் எழுந்து, "ஊராட்சிக்கு அரசு தர்ற நிதிக்குழு மானியம் எவ்வளவு வந்துச்சு, எதுக்குச் செலவாச்சு?"ன்னு கேட்டார். தலைவர் செயலர் மூஞ்சியப் பார்க்கறார். செயலர் நோட்டைப் புரட்டறார். கடைசியில "எல்லாம் போர்டுல ஒட்டிருக்கு, பார்த்துக்கங்க"ன்னுட்டாங்க. போர்டுல இருந்தது டெங்கு போஸ்டர். தீர்மான நோட்டுல மட்டும் "ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது".

சித்திரைப்பூ:
எங்க ஊர் நேர் எதிர். பெண்களுக்கு ஒதுக்கின ஊராட்சி, தலைவரா வந்த அக்கா மூணாங்கிளாஸ். ரொம்ப நாளைக்கு அவங்க வீட்டுக்காரர்தான் சேர்ல உக்காந்திருந்தார். ஊரும் அவரைத்தான் "தலைவரே"ன்னு கூப்பிட்டுச்சு. அக்கா காட்டின இடத்துல கையெழுத்துப் போடுவாங்க.

அப்புறம் ஒரு தெருவிளக்கு பில் வந்துச்சு. நான் வீட்டு வரி கட்டப் போயிருந்தேன். பாலிடெக்னிக் படிக்கற அவங்க மக சும்மா வாசிச்சுக் காட்டுச்சு: எல்இடி பல்பு நாப்பது. அக்கா நிமிர்ந்து காண்ட்ராக்டரைப் பார்த்தாங்க. "நம்ம ஊர்ல மொத்தமே இருபத்தாறு கம்பம். மிச்சத்தை உன் வீட்டுலயா மாட்டுன?"

துணைத் தலைவர் ஏற்கனவே கையெழுத்துப் போட்டாச்சு. ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தாத்தான் செக் செல்லும். அக்கா போடல. அன்னியிலருந்து மக வாசிச்ச பிறகுதான் எந்த வவுச்சரும். வீட்டுக்காரர் கொஞ்ச நாள் பேசலையாம், அது தனிக் கதை.

டெல்டாக்காரன்:
வாசிக்க மக இல்லாத வீட்டுல என்ன பண்றது? திருவள்ளூர் பக்கம் குத்தம்பாக்கத்துல இளங்கோன்னு ஒரு கெமிக்கல் இன்ஜினியர், 1996ல ஊராட்சித் தலைவரா வந்தார், ஊரே பேசுச்சு. ஹரியானாவுல 2015ல பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாவதுன்னு சட்டமே போட்டாங்க, உச்ச நீதிமன்றமும் செல்லும்னுடுச்சு. இங்க எட்டாவதாவது வைங்கப்பா.

சித்திரைப்பூ:
அதே சட்டத்துல பட்டியலினப் பெண்கள் வார்டு உறுப்பினரா நிக்கறதுக்கே அஞ்சாவது. எங்க தெருவுல அம்பது வயசு தாண்டின பொம்பளைங்க எத்தனை பேர் அஞ்சாவது தாண்டியிருக்காங்க? பாதிப் பேரை நிக்கவே விடாம பண்ணிட்டு அப்புறம் என்ன தேர்தல்? ராஜஸ்தான்லயும் எட்டாவதுன்னு வச்சாங்க, 2019ல எடுத்துட்டாங்க.

மோட்டார்காரன்:
நான் ஊராட்சித் தண்ணி டேங்க் ஆபரேட்டர். மூணு தலைவர்கிட்ட வேலை பார்த்தாச்சு. மோட்டார் காயில் எரிஞ்சுடுச்சுன்னு போன் பண்ணும்போது என்ன கேக்கறாங்கங்கறதுலயே ஆள் தெரிஞ்சிடும். டிகிரி படிச்சவர் "பி.டி.ஓ.கிட்ட (வட்டார வளர்ச்சி அலுவலர்) சொல்லிட்டியா?"ம்பார். அடுத்தவர் "எவ்வளவு ஆகும்?"ம்பார். மூணாவது ஆளுக்கு எழுதப் படிக்க அவ்வளவா வராது. அவர் முதல்ல கேக்கறது, "எரிஞ்ச காயில்ல இருந்த செம்பு எங்க?" எடை போட்டு, காயில் கட்டுற கூலியில கழிச்சுட்டுத்தான் பணம் குடுப்பார். 2025 ஜனவரியில பதவிக்காலம் முடிஞ்சு, தலைவருக்குப் பதிலா அரசு போட்ட தனி அலுவலர் வந்தாரு. அதுக்கப்புறம் ரெண்டு தடவை காயில் எரிஞ்சுச்சு, செம்பைப் பத்தி யாரும் கேக்கல.